டீசல் எஞ்சினின் எரிபொருள் அமுக்க உணரி: பழுதை அறியும் முறை

கமத்தொழிலில் இயந்திரங்களின் உபயோகம் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. உழுதல், அறுவடை செய்தல், விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லுதல் ஆகிய வேலைகளிற் பெரும்பகுதி இன்று டீசல் எஞ்சினை நம்பியே நடைபெறுகின்றது. பெரும்போக அறுவடை மும்முரமாக நடைபெறும் தை, மாசி மாதங்களில் ஓர் எஞ்சின் இரண்டு நாள் நின்றுவிடின், முற்றிய நெல் வயலில் உதிர்ந்து போகும். அல்லது எதிர்பாராத மழையில் நனைந்து பழுதாகும். ஆகவே எஞ்சின் நின்றதற்குரிய காரணத்தை விரைவாகவும் சரியாகவும் அறிதல் ஒவ்வொரு கமக்காரருக்கும் அவசியமாகும்.

இந்நாட்டு வயல்களில் நெடுங்காலமாக உழைத்து வரும் உழவு இயந்திரங்கள் பலவற்றில் எரிபொருளைச் செலுத்தும் பம்பி முற்றிலும் பொறிமுறையாலானது. அவற்றில் இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படும் உணரி கிடையாது. ஆனால் புதிய பிக்கப் வாகனங்கள், சிறு லொறிகள், வலுக்கூடிய சில புதிய உழவு இயந்திரங்கள் ஆகியவற்றில் ‘கொமன் ரெயில்’ என வழங்கும் பொதுக்குழாய் முறை அமைந்துள்ளது. இம்முறை 1995 ஆம் ஆண்டில் யப்பானிய லொறி ஒன்றிலும், 1997 ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கார்களிலும் விற்பனைக்கு வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. இத்தகைய எஞ்சினிற் பழுது நேர்ந்தால், “அமுக்க உணரி பழுது” என்று குறியீடு காட்டுவது வழக்கம். உடனே பெரும்பணம் கொடுத்துப் புதிய உணரி வாங்கிப் பொருத்துவோர் பலர். பொருத்திய பின்னரும் எஞ்சின் முன்போலவே நிற்பதுண்டு. குறியீட்டை முடிவான தீர்ப்பாகக் கொண்டதே இதற்குக் காரணம்.

பொதுக்குழாய் முறை

தாங்கியில் உள்ள டீசல் முதலில் வடிகட்டியினூடாகச் செல்லும். அங்கே தூசும் நீரும் நீக்கப்படும். பின்னர் எஞ்சினால் இயக்கப்படும் உயர் அமுக்கப் பம்பி அதனை அழுத்தித் தடித்த உருக்குக் குழாய் ஒன்றினுட் செலுத்தும். எல்லா இன்ஜெக்டர்களும் இந்த ஒரே குழாயிலிருந்தே எரிபொருளைப் பெறுவதாற் பொதுக்குழாய் என்னும் பெயர் ஏற்பட்டது.

இக்குழாயினுள் இருக்கும் அமுக்கம் மிகப் பெரிது. காரின் ரயரில் ஏறக்குறைய 2 பார் அமுக்கமே உண்டு. எஞ்சின் சுமையின்றி மெதுவாக ஓடும்பொழுது பொதுக்குழாயில் 250 முதல் 400 பார் வரையும், முழுச்சுமையில் 1,600 பாரும் அதற்கு மேலும் அமுக்கம் இருக்கும். வேலைக்கேற்ப இவ்வமுக்கத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இலத்திரனியற் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடமையாகும். அமுக்கம் எவ்வளவு என்பதை அப்பெட்டிக்கு ஓயாது அறிவித்துக்கொண்டிருப்பதே பொதுக்குழாயிற் பொருத்தப்பட்ட அமுக்க உணரியாகும்.

உணரி வேலை செய்யும் விதம்

உணரியினுள் மெல்லிய உருக்குத் தகடு ஒன்று உண்டு. எரிபொருளின் அமுக்கத்தால் அத்தகடு கண்ணுக்குப் புலப்படாத அளவில் வளையும். தகட்டின்மேற் படிந்துள்ள தடைகள் அவ்வளைவினால் மாறும். அம்மாற்றத்தை உணரியில் உள்ள சிறு மின்சுற்று வோல்ற்றளவாக மாற்றிப் பெட்டிக்கு அனுப்பும்.

சாதாரணமாக உணரிக்கு மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று பெட்டியிலிருந்து 5 வோல்ற்றுக் கொண்டுவருவது. மற்றொன்று ஏர்த் கம்பி. மூன்றாவது செய்தியைக் கொண்டு செல்வது. பெரும்பாலான உணரிகளில் அமுக்கம் இல்லாதபொழுது செய்திக் கம்பியில் 0.5 வோல்ற்றும், உணரி அளக்கக்கூடிய உச்ச அமுக்கத்தில் 4.5 வோல்ற்றும் இருக்கும். உதாரணமாக, 2,000 பார் வரை அளக்கும் உணரியில் ஒரு வோல்ற்று உயர்வு 500 பாரைக் குறிக்கும். ஆகவே 300 பாரில் ஓடும் எஞ்சினில் 1.1 வோல்ற்று அளவில் வாசிப்புக் கிடைத்தல் வேண்டும். அந்தந்த இயந்திரத்துக்குரிய சரியான அளவை அதன் கைநூலிற் பார்த்துக் கொள்க.

உயிருக்கும் கைக்கும் ஆபத்து

பரிசோதனையைத் தொடங்குமுன் பின்வருவனவற்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர்க் குழாயின் நட்டைத் தளர்த்தி, எரிபொருள் வருகின்றதா என்று பார்ப்பது வழக்கமாக இருந்தது. பொதுக்குழாய் எஞ்சினில் இதனை ஒருபொழுதும் செய்தலாகாது. அங்கிருந்து பாயும் டீசல் ஊசியைப் போலத் தோலைத் துளைத்து உடலினுட் புகும். ஒழுக்கைக் கையால் தடவிப் பார்ப்பதும் அவ்வாறே ஆபத்தானது. ஒழுக்கு இருக்குமிடத்தை அறிய ஒரு மட்டைத் துண்டைத் தூரத்திலிருந்து பிடித்துப் பார்த்தல் வேண்டும்.

டீசல் தோலினுட் புகுந்தால் முதலிற் சிறு புள்ளியே தோன்றும். நோவும் அதிகம் இராது. இதனால் ஏமாறிப் பலர் வேலையைத் தொடர்ந்து செய்வர். சில மணித்தியாலங்களில் உள்ளே தசை அழியத் தொடங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ வெட்டி நீக்கவும் நேரிடும். ஆகவே காயம் எவ்வளவு சிறியதாயினும், சத்திர சிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு உடனே சென்று, “உயர் அமுக்க டீசல் தோலினுட் புகுந்துள்ளது” என்று தெளிவாகக் கூறுதல் வேண்டும்.

எஞ்சினை நிறுத்திய பின்னரும் குழாயில் அமுக்கம் சிறிது நேரம் தங்கியிருக்கும். கைநூலிற் கூறிய நேரம் கழியும் வரை எந்தக் குழாயையும் கழற்றலாகாது.

பழுதின் அறிகுறிகள்

அமுக்கச் செய்தியிற் கோளாறு ஏற்பட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். எஞ்சின் இயங்கத் தாமதிக்கும், அல்லது இயங்கவே மாட்டாது. ஓடும்பொழுது வலு குறையும். குறித்த வேகத்துக்கு மேற் செல்லாது. சில வேளைகளில் ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே திடீரென நின்றுவிடும். எஞ்சினுக்குக் கேடு வராதவாறு பெட்டியே வலுவைக் கட்டுப்படுத்துவதாலும் இவ்வாறு நிகழும்.

இவ்வறிகுறிகள் யாவும் அடைபட்ட வடிகட்டியாலும், டீசலிற் கலந்த நீராலும், தேய்ந்த பம்பியாலும் ஏற்படக்கூடியவை. அறிகுறியை மாத்திரம் கொண்டு உணரியைக் குற்றஞ் சாட்டுதல் தவறாகும்.

குறியீடுகள் கூறுவது யாது

வாகனத்தின் குறியீட்டை வாசிக்கும் கருவியை ‘ஸ்கானர்’ என்பர். அது காட்டும் குறியீட்டை எழுதிக்கொண்ட பின்னரே அழித்தல் வேண்டும். எழுதாமல் அழிப்பது, நோயாளியின் காய்ச்சலை அளக்காமலே மருந்து கொடுப்பதை ஒக்கும்.

வாகனங்களிற் பொதுவாகக் காணப்படும் குறியீடுகள் மூன்று வகையின.

முதலாவது, மின்சுற்றுப் பற்றியவை. பி 0190 மின்சுற்றிற் கோளாறு என்பதையும், பி 0192 செய்தியின் வோல்ற்றளவு மிகக் குறைவு என்பதையும், பி 0193 அது மிக அதிகம் என்பதையும் குறிக்கும். இங்கே கம்பி, செருகி, உணரி ஆகிய மூன்றும் சந்தேகத்துக்குரியன.

இரண்டாவது, பி 0191. செய்தி வருகின்றது, ஆனால் அது எஞ்சினின் நிலைக்குப் பொருந்தவில்லை என்பது இதன் கருத்து.

மூன்றாவது, பி 0087, பி 0088 என்பன. முன்னையது பொதுக்குழாயின் அமுக்கம் மிகக் குறைவு என்றும், பின்னையது மிக அதிகம் என்றும் கூறும். இவை தோன்றினால் உணரி பெரும்பாலும் உண்மையையே கூறுகின்றது எனக் கொண்டு, எரிபொருளின் வழியையே முதலிற் சோதித்தல் வேண்டும். தூதுவன் கொண்டுவந்த செய்தி கசப்பானது என்பதற்காகத் தூதுவனைத் தண்டித்தல் முறையன்று.

உழவு இயந்திரங்களிலும் பாரமான இயந்திரங்களிலும் குறியீடுகள் வேறு விதமாக அமைவதுண்டு. அவற்றுட் பலவற்றில் 157 என்னும் இலக்கம் பொதுக்குழாய் அமுக்கத்தைக் குறிக்கும். அதனுடன் வரும் இரண்டாம் இலக்கம் 3 ஆயின் வோல்ற்றளவு அதிகம் என்றும், 4 ஆயின் குறைவு என்றும் கொள்க.

பரிசோதனை ஒழுங்கு

செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைக் கடைசியிலும் செய்தல் நன்று. பின்வரும் ஒழுங்கை மாற்றாது பின்பற்றுக.

1. எரிபொருள். தாங்கியிற் போதிய டீசல் உண்டா என்று பார்க்க. தாங்கி மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் சிறிது தூரம் ஓடியபின் எஞ்சின் நின்றுவிடும். மூடியைத் தளர்த்தினால் மீண்டும் ஓடும். வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலிற் சிறிது டீசலை எடுத்து வைக்க. நீர் இருப்பின் அடியிற் பிரிந்து நிற்கும். வடிகட்டி மாற்றவேண்டிய காலம் கடந்திருந்தால் முதலில் அதனை மாற்றுக. தாங்கிக்கும் பம்பிக்கும் இடையிலுள்ள குழாய்ப் பொருத்துக்கள் தளர்ந்திருப்பின் வளி உட்புகும். அங்கே டீசல் வெளியே ஒழுகாமலே வளி உட்செல்லக்கூடும் என்பதைக் கவனிக்க.

2. பற்றறியும் கம்பிகளும். பற்றறி வலு குறைந்தால் ஸ்ரார்ற்றர் மெதுவாகச் சுழலும். பம்பியால் அமுக்கத்தை உண்டாக்க இயலாது. ஓய்வில் இருக்கும் நல்ல பற்றறியில் 12.4 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்கும். பின்னர் உணரிக்குச் செல்லும் கம்பிகளை அதன் செருகியிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை பார்த்துச் செல்க. நெல் மூடைகளுக்கு அருகே இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் இடங்களில் எலி கம்பிகளைக் கடித்து விடுதல் சாதாரணம். கம்பி எஞ்சினின் சூடான பாகத்தில் உரைந்திருக்கின்றதா, செருகியில் எண்ணெயோ நீரோ பச்சை நிறக் களிம்போ படிந்துள்ளதா என்றும் நோக்குக.

3. ஓய்வு நிலை வாசிப்பு. இரவு முழுவதும் நின்ற எஞ்சினிற் காலையில் இச்சோதனையைச் செய்க. எஞ்சினை இயக்காமல் திறப்பை மாத்திரம் திருப்பி, ஸ்கானரில் அமுக்கத்தைப் பார்க்க. குளிர்ந்து நின்ற எஞ்சினின் குழாயில் அமுக்கம் இராது. ஆகவே வாசிப்புப் பூச்சியத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். அவ்வாறன்றி 100 பார் என்றோ அதற்கு மேலோ காட்டுமாயின், உணரியோ அதன் கம்பியோ பொய் கூறுகின்றது என்பது உறுதி.

4. செருகியை நீக்கிப் பார்த்தல். எஞ்சின் நின்ற நிலையில், திறப்பை மூடிச் செருகியைக் கழற்றி, மீண்டும் திறப்பைத் திருப்பிக் குறியீட்டைப் பார்க்க. வோல்ற்றளவு குறைவு என்றிருந்த குறியீடு இப்பொழுது அதிகம் என்று மாறினால், கம்பியும் பெட்டியும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன. சந்தேகம் உணரியின் மீது விழும். குறியீடு சிறிதும் மாறாதிருப்பின் கம்பியையே ஆராய்தல் வேண்டும். எஞ்சின் ஓடும்பொழுது செருகியைக் கழற்றுதல் கூடாது.

5. மூன்று கம்பிகளையும் அளத்தல். இதற்கு மல்ரிமீற்றர் வேண்டும். சோதனை விளக்கைப் பயன்படுத்தினாற் பெட்டி பழுதாகலாம். கழற்றிய செருகியில், திறப்பைத் திருப்பிய நிலையில், மின் கொண்டுவரும் கம்பிக்கும் ஏர்த் கம்பிக்கும் இடையில் 5 வோல்ற்று அளவில் இருத்தல் வேண்டும். அது இல்லையாயின், எந்த நல்ல உணரியைப் பொருத்தினாலும் வேலை செய்யாது. கம்பி அறுந்திருக்கலாம், அல்லது அதே 5 வோல்ற்றைப் பெறும் வேறொரு உணரி உள்ளே தொடுபட்டு, எல்லாவற்றையும் கெடுத்திருக்கலாம்.

ஏர்த் கம்பியைச் சோதிக்கும்பொழுது செருகியை மீண்டும் பொருத்திவிட்டு, அதன் பின்புறத்தால் மெல்லிய அளவுமுனையைச் செலுத்தி, அக்கம்பிக்கும் பற்றறியின் எதிர்முனைக்கும் இடையில் அளக்க. வாசிப்புப் பூச்சியத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். அங்கே 0.2 வோல்ற்று இருப்பின், மேலே கூறிய 2,000 பார் உணரி மெதுவாக ஓடும் எஞ்சினில் ஏறக்குறைய 80 பார் கூட்டிக் காட்டும். பெட்டி அதனை நம்பி அமுக்கத்தைக் குறைக்கும், எஞ்சின் வலுவிழக்கும். குற்றம் களிம்பு பிடித்த ஒரு பொருத்தில். பழியோ உணரியின் மீது. கம்பியின் உறையை ஊசியாற் குத்தி அளத்தலாகாது. அத்துளையால் நீர் புகுந்து, சில மாதங்களிற் செம்பு அரிக்கப்பட்டு அறும்.

6. சுழற்றும்பொழுதும் சுமையிலும் பார்த்தல். எஞ்சினைச் சுழற்றும்பொழுது ஸ்கானரில் அமுக்கம் ஒழுங்காக உயரவேண்டும். பெரும்பாலான எஞ்சின்கள் இயங்குவதற்கு 150 முதல் 200 பார் வரையாவது தேவை. ஓய்வு நிலையிற் சரியாகப் பூச்சியத்தைக் காட்டிய உணரி, சுழற்றும்பொழுது 40, 50 பாரைத் தாண்டாதிருப்பின், அமுக்கம் உண்மையிலேயே குறைவு எனக் கொள்ளல் வேண்டும். அப்பொழுது வடிகட்டி, வளி புகுதல், தேய்ந்த பம்பி, எரிபொருளைத் திரும்ப ஒழுகவிடும் இன்ஜெக்டர், மூடாத அமுக்க வாயில் ஆகியவற்றுள் ஒன்றே காரணமாகும். கடைசி மூன்றையும் பயிற்சி பெற்ற திருத்துநரே சோதித்தல் வேண்டும்.

ஓர் உதாரணம்

ஓர் உழவு இயந்திரம் வீதியிற் குறைவின்றி ஓடுகின்றது. கலப்பையை மண்ணில் இறக்கியதும் வலுவிழந்து, எச்சரிக்கை விளக்கு எரிகின்றது எனக் கொள்வோம். மெதுவாக ஓடும்பொழுது எஞ்சினுக்குச் சிறிதளவு டீசல் போதும். அடைபட்ட வடிகட்டியும் அவ்வளவை விட்டுவிடும். உழும்பொழுது பன்மடங்கு தேவைப்படும். அதனை வடிகட்டி கொடுக்க மாட்டாது. அமுக்கம் விழுகின்றது, உணரி அதனை உள்ளவாறே அறிவிக்கின்றது. இங்கே மாற்றவேண்டியது வடிகட்டியே.

இதற்கு மாறாக, வரம்பில் ஏறி இறங்கும்பொழுது எஞ்சின் திடீரென வெட்டி, அடுத்த கணம் பழையபடி ஓடுமாயின், கம்பியிலோ செருகியிலோ தளர்வு உண்டு எனச் சந்தேகிக்க. எரிபொருட் குறைவு பெரும்பாலும் படிப்படியாகத் தோன்றும். மின்தொடர்பு அறுதல் கணத்தில் தோன்றி மறையும். எஞ்சினை நிறுத்தித் திறப்பைத் திருப்பிய நிலையிற் கம்பிகளை மெதுவாக அசைத்து, ஸ்கானரின் வாசிப்புத் துள்ளுகின்றதா என்று பார்த்தால் இடம் புலப்படும்.

புதிய உணரி பொருத்தும்பொழுது

மேற்கூறிய சோதனைகள் யாவும் உணரியையே குற்றவாளி என்று காட்டினால் மாத்திரம் அதனை மாற்றுக. எஞ்சினை நிறுத்தி, அமுக்கம் நீங்கும் வரை காத்திருந்து, பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே வேலை தொடங்குதல் வேண்டும். சுற்றுப்புறத்தைச் சுத்தமாகத் துடைக்க; ஒரு மணல் துணிக்கை உட்சென்றாலும் இன்ஜெக்டர் பழுதாகும். உணரியின் இலக்கத்தைப் பழையதுடன் ஒப்பிடுக. தோற்றம் ஒன்றாயினும் அளவு எல்லை வேறாயின் வாசிப்புப் பிழைக்கும். கைநூலிற் கூறிய முறுக்கத்துக்கே இறுக்குதல் வேண்டும். கழற்றிய உணரியை மீண்டும் பொருத்தலாகாது எனச் சில கைநூல்கள் கூறும். சில எஞ்சின்களிற் பொதுக்குழாயுடன் சேர்த்தே மாற்றவேண்டும். இவ்வேலையை அனுபவமுள்ள திருத்துநரிடம் விடுதல் நன்று.

பழுது நேராமற் காத்தல்

டீசலைச் சுத்தமாக வைத்திருத்தலே தலையாய பாதுகாப்பு. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருட் தட்டுப்பாடு நிலவியபொழுது பலர் கலன்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேமிக்க நேர்ந்தது. அவ்வாறு வைக்கும் டீசலில் நீரும் துருவும் சேரும். பீப்பாயை நிழலிற் சிறிது சாய்த்து வைத்து, ஒரு நாள் அசையாது விட்டு, அடியிலுள்ள கடைசிப் பகுதியை எடுக்காது, வலையினால் வடித்து ஊற்றுக.

டீசலுடன் மண்ணெண்ணெய் கலத்தலாகாது. உயர் அமுக்கப் பம்பிக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அத்தன்மை குறைவு. விலையில் மீந்த சில ரூபாய், பம்பி தேய்ந்ததும் பன்மடங்காகத் திரும்பிச் செல்லும்.

வேலை முடிந்த மாலையிலே தாங்கியை நிரப்பி வைத்தால், இரவின் குளிரில் உள்ளே நீர் ஒடுங்குதல் குறையும். வடிகட்டியின் நீரை ஒழுங்காக வடிக்க. இயந்திரத்தைக் கழுவும்பொழுது உணரியின் செருகிமீது விசையாக நீரைப் பாய்ச்சலாகாது. மின்னொட்டு வேலை செய்யுமுன் பற்றறியைக் கழற்றி வைக்க. நெற்களஞ்சியத்துக்கு அருகே இயந்திரத்தை நிறுத்துவதைத் தவிர்த்து, எலிக்கு இடங்கொடாது காக்க.

சுருக்கம்

குறியீட்டை எழுதிக் கொள்க. டீசல், வடிகட்டி, கம்பி ஆகியவற்றை முதலிற் பார்க்க. குளிர்ந்த எஞ்சினிற் பூச்சிய வாசிப்பைச் சோதிக்க. 5 வோல்ற்றும் ஏர்த் கம்பியும் சரியா என அளக்க. இவை யாவும் சரியாக இருந்தும் செய்தி பிழையாயின் மாத்திரம் உணரியை மாற்றுக. உயர் அமுக்கக் குழாயை ஓடும் எஞ்சினில் ஒருபொழுதும் தளர்த்தற்க. ஒழுக்கைக் கையாற் தேடற்க.

போகம் தொடங்குமுன் இச்சோதனைகளுள் முதலிரண்டையும் செய்து வைக்கும் கமக்காரர், அறுவடை நாளில் வயலோரத்தில் நின்று திருத்துநரை எதிர்பார்க்கும் நிலையைப் பெரும்பாலும் தவிர்த்துக் கொள்ளலாம்.